இரைச்சலைப் படிக்கும் காது

(திருவொற்றியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டு. அந்த விளையாட்டுக்குச் சொந்தமாகச் சத்தம் செய்வது. இதற்கு ஒரு மண்டபமா, மைக்கா, மாலையா என்று தோன்றியிருக்கும். தோன்றட்டும். ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள். இந்த வேலைக்கு இந்தியாவிலேயே பொருத்தமான காதுகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள இந்த வடசென்னைக் கரையில்தான் இருக்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. டிசிஎஸ் வேர்ல்டு, வார் தண்டர், ஐஎல்-2 என்றெல்லாம் விளையாட்டுகள் இருக்கின்றன. டிசிஎஸ்ஸில், உண்மையான விமானத்தில் என்ன சுவிட்ச் எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கும். எஞ்சினைக் கிளப்பவே பையன்கள் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். விளையாட்டைச் செய்த நிறுவனம் எஞ்சினுக்கு ஒரு சத்தம், துப்பாக்கிக்கு ஒரு சத்தம், காற்றுக்கு ஒரு சத்தம் என்று வைத்துக் கொடுக்கிறது. சிலருக்கு அது போதவில்லை. அந்தக் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, தாங்களே செய்த சத்தங்களை அந்த இடத்தில் வைக்கிறார்கள். அப்படிச் செய்த தொகுப்புக்குப் பெயர் சவுண்ட் பேக். காசுக்காகச் செய்பவர்கள் குறைவு. காது ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் செய்கிறார்கள்.

காது ஒத்துக்கொள்ளாதது என்றால் என்ன? அது உங்களுக்கா தெரியாது! திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். வண்டி வாசலில் நுழையும்போதே மெக்கானிக், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், "டேப்பட் லூசு, வுட்டுட்டுப் போ, சாயங்காலம் வா" என்பார். ஒன்றையும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற டிரைவர் தூங்கிக்கொண்டிருப்பார். எஞ்சின் ஓட்டத்தில் ஒரு சின்ன மாற்றம், ஒரு மிஸ்ஸிங், எழுந்துவிடுவார். அலைச் சத்தம் அவரை எழுப்பாது, காற்று எழுப்பாது, எஞ்சின் எழுப்பும். நமக்கு இரைச்சலாகக் கேட்பது அவருக்குச் செய்தியாகக் கேட்கிறது. விமானிக்கும் அதே கதைதான். சவுண்ட் பேக் செய்பவனுக்கு வேண்டிய முதல் மூலதனமும் அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடப் போகிறேன். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்கு. இதே திருவொற்றியூரில் தயாரான வண்டி, புல்லட். 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அந்த 350 சிசி புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் சுற்று என்றால், விநாடிக்கு எட்டு வெடிப்பு. அதனால்தான் புல்லட்டின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகி 2,400 சுற்றுக்குக் கொண்டுபோங்கள், விநாடிக்கு இருபது. அங்கே அடிகள் ஒட்டத் தொடங்குகின்றன. அதற்கு மேலே போனால் காதுக்கு அடி கேட்காது, சுருதி கேட்கும்.

சரி, இந்தக் கணக்கை அப்படியே வானத்துக்குத் தூக்குவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்குகின்றன. எதிர்த்து எழுந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன் விமானங்கள். ஹரிக்கேனில் இருப்பது மெர்லின் எஞ்சின், பன்னிரண்டு சிலிண்டர். 3,000 சுற்றில் விநாடிக்கு 300 வெடிப்பு. எதிரே வரும் ஜப்பானிய ஸீரோவில் சக்காயே எஞ்சின், வட்டமாக அடுக்கிய பதினான்கு சிலிண்டர். 2,500 சுற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 290. பார்த்தீர்களா? சுருதி கிட்டத்தட்ட ஒன்றே! அப்படியானால் இரண்டும் ஒரே மாதிரி கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. மெர்லினில் புகை குட்டைக் குழாய்கள் வழியாகப் பக்கவாட்டில் நேராகச் சீறி வெளியே வரும். அதோடு சூப்பர்சார்ஜரின் விசில் சேரும். கொழும்புக்கு வந்த ஸீரோவில் சிலிண்டர்களின் புகையெல்லாம் ஒரு வளையக் குழாயில் சேர்ந்து வெளியேறும். சத்தம் அடங்கி, திரண்டு வரும். புல்லட் சைலன்சரை மாற்றினால் எஞ்சின் மாறாமலே சத்தம் மாறுகிறதே, அந்த அனுபவம் உள்ளவனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு எஞ்சின் பதிவை எடுத்து, வேகம் கூடினால் அதையே இழுத்துச் சுருதியை ஏற்றி, வேகம் குறைந்தால் இறக்கி, வேலை முடிந்தது என்கிறார்கள். கேட்டால் கொசு மாதிரி இருக்கிறது. ஏன்? சுமை இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் எஞ்சினும் இறக்கத்தில் சும்மா சுழலும் எஞ்சினும் ஒரே சுற்றில் ஓடலாம், சத்தம் ஒன்றாகாது. அதனால் நல்ல தொகுப்பில் ஐட்லிங்குக்குத் தனிப் பதிவு, நடு வேகத்துக்குத் தனி, முழு வேகத்துக்குத் தனி இருக்கும். ஒன்று தேய்ந்து மறையும்போது அடுத்தது மெல்ல மேலே எழும். அதற்கு மேல் புரொப்பெல்லர் ஒரு அடுக்கு. அதற்கும் மேல் காற்று. விமானம் வேகமெடுக்க எடுக்கக் காற்றின் பங்கு கூட வேண்டும்; எஞ்சினை அணைத்துவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தால் காற்று மட்டும் அலற வேண்டும்.

இதற்கெல்லாம் விமானத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மெர்லின் எஞ்சின் சத்தத்துக்கு லண்டன் போக வேண்டுமா? வேண்டாம், வேறு சத்தங்களைக் கொண்டே செய்யலாம். ஸ்டார் வார்ஸ் படம் 1977-ல் வந்தது. அதில் எதிரியின் விண்கலம் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், யானையின் பிளிறலையும் ஈரச் சாலையில் கார் போகும் சத்தத்தையும் கலந்தார். யானையும் ஈரச் சாலையும் அவருக்கு உதவின. நமக்கு எது உதவும்?

காசிமேட்டுக்கு வாருங்கள். பல விசைப்படகுகளில் ஓடுவது லேலண்டு எஞ்சின். அசோக் லேலண்டு நம் எண்ணூர்க்காரர். ஆறு சிலிண்டர் டீசல், 1,500 சுற்றில் விநாடிக்கு 75 வெடிப்பு. ஹரிக்கேனின் மூன்று தகடு புரொப்பெல்லர் முழு வேகத்தில் விநாடிக்கு அறுபது எழுபது முறை காற்றை வெட்டும். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்! படகின் பின்தளத்து மரத்தில் மைக்கை ஒட்டி வைத்துப் பதிவு செய்தால், பலகை வழியாக ஏறி வரும் அந்த அதிர்வு, விமானியின் இருக்கைக்கு அடியிலிருந்து வருகிற அதிர்வுக்கு அருமையான அடித்தளம். ஜெட் விமானம் வேண்டுமா? எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள் நமக்குத் தினசரித் தலைவலி. அந்த லாரி கிளம்பும்போது டர்போ போடும் விசிலைக் கேளுங்கள். ஜெட் எஞ்சினில் தகடுகள் சுழன்று எழுப்பும் கீச்சுக்கு அது நெருங்கிய உறவு. இரண்டுமே வேகமாகச் சுழலும் தகடு காற்றை அமுக்குவதால் பிறப்பவை. மூன்று மணி நேர நெரிசலில் மாட்டிக்கொண்டால் திட்டிக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

அடுத்து துப்பாக்கி. இங்கேதான் இளைஞர்களுக்கு ஆசை அதிகம். ஹரிக்கேனின் இறக்கைகளில் எட்டு, சில வகைகளில் பன்னிரண்டு பிரவுனிங் துப்பாக்கிகள். ஒன்று நிமிடத்துக்கு 1,150 ரவை சுடும். ஒரு துப்பாக்கியைப் பதிவு செய்து எட்டுப் பிரதி எடுத்து அடுக்கினால் எட்டுத் துப்பாக்கி ஆகிவிடுமா? ஆகாது. ஒரு துப்பாக்கி, சத்தம் கூடுதலாக, அவ்வளவுதான். நிஜத்தில் எட்டும் ஒரே தாளத்தில் சுடுவதில்லை. ஒவ்வொரு பிரதியின் வேகத்தையும் இம்மியளவு மாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் அது நெரியும், உறுமும். மிக்-21 பிஸ் ஜெட் விமானத்தில் இருந்த ஜிஎஸ்எச்-23 பீரங்கி வேறு ஜாதி. நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல். அதற்குள் இருப்பதோ 200 ரவை. நான்கு விநாடியில் காலி. விநாடிக்கு ஐம்பதைத் தாண்டும்போது தனித்தனி வெடி கேட்காது. கெட்டியான துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருக்கும். அதைப் போய் டம் டம் என்று வைக்கும் தொகுப்புகள் இருக்கின்றன. சினிமா பார்த்துச் செய்தவை.

அடிபடும் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். குண்டு பட்டால் எல்லோரும் இரும்பைத் தட்டிப் பதிவு செய்கிறார்கள். விமானத்தின் மேல்தோல் இரும்பா? அலுமினியம். ஹரிக்கேனின் வால்பக்க உடலோ துணி போர்த்திய சட்டம்! அங்கே பாயும் ரவை "டங்" என்று சொல்லாது. பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டி அடித்துப் பதிவு செய்யுங்கள். விமானி பின்னால் திரும்பாமலே, அடி இறக்கையில் பட்டதா வாலில் பட்டதா என்று காதால் அறிவான். நான் சொல்வது இதைத்தான்: சத்தம் அலங்காரம் இல்லை, அது தகவல்.

நண்பர்களே, இனி தூரத்துக்கு வருகிறேன். தூரத்துக்குச் சத்தம் உண்டு. இந்த ஊர் அதை நூறாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரைக்கு மேல். கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்று சுட்டது. அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரில் அதற்கான நினைவுப் பலகை இன்றும் இருக்கிறது. இதெல்லாம் நீங்கள் படித்தது. ராயபுரம் கடற்கரையில் நின்றவனுக்கு அன்று எந்த வரிசையில் கேட்டிருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா?

முதலில் கடலில் ஒரு மின்னல். சத்தம் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் கடக்க எட்டு ஒன்பது விநாடி வேண்டும். பீரங்கிக் குண்டோ ஒலியை முந்திக்கொண்டு வரும். ஆகவே மின்னலுக்கு அடுத்துக் கேட்பது கரையில் குண்டு வெடிப்பது. அதற்குப் பிறகுதான், எல்லாம் முடிந்த பிறகு, கடலிலிருந்து பீரங்கியின் முழக்கம் வந்து சேரும். விளைவு முன்னே, காரணம் பின்னே! தொலைவிலிருந்து வரும் சத்தத்தின் கூர்மையைக் காற்றே தின்றுவிடும். மிஞ்சுவது அடித்தொண்டை உறுமல். நல்ல ஒலித்தொகுப்பில் ஒரே பீரங்கிக்குப் பக்கத்தில், நடுத்தூரத்தில், வெகுதூரத்தில் என்று மூன்று பதிவுகள் இருப்பது இதனால்தான். ஒலிக் குமிழைக் குறைத்தால் தூரம் வந்துவிடாது. வீட்டுக்குள் டிவி சத்தத்தைக் குறைத்தால் டிவி தெருமுனைக்கா போய்விடுகிறது?

இரண்டாம் உலகப் போரிலும் இந்தத் துறைமுகம் தப்பவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் வருகிறது என்று நகரமே காலியானது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது.

கடலுக்கு அந்தப் பக்கம் நம் உறவுகள் கேட்ட சத்தத்தையும் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது. இலங்கை விமானப்படைக்கு 1996-ல் கிபிர் ஜெட்கள் வந்தன. வன்னியில் குழந்தைகள் கூடக் காதாலேயே இது கிபிர், இது வேறு என்று பிரித்தார்கள். பிரித்ததும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானம் மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதன் சத்தம் காதுக்கு வருவதற்குள் அது இரண்டரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சத்தம் வந்த இடத்தில் விமானம் இருக்காது. அந்தப் பாடத்தை அவர்கள் எந்தத் திரையிலும் கற்கவில்லை. இந்த வேலையைச் செய்யும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஓடி வந்தவர்கள் யாராவது இருந்தால், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நல்ல தொகுப்புக்கும் மட்டமான தொகுப்புக்கும் என்ன வேறுபாடு? என் தீர்ப்பு கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று கிடைக்கும் தொகுப்புகளில் பெரும்பாலானவை வெறும் கூச்சல். எல்லாவற்றையும் உச்சத்தில் ஏற்றி, அடியில் பேஸைத் திணித்து, "உண்மையானது" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஹெல்மெட்டும் மூடிய கண்ணாடிக் கூரையுமாக உட்கார்ந்திருக்கும் விமானிக்கு வெளிச் சத்தம் வடிகட்டித்தான் வரும். அவனுக்கு ரேடியோ கேட்க வேண்டும். எதிரி ரேடார் தன்னைப் பிடித்ததும் வரும் எச்சரிக்கைக் கீச்சு கேட்க வேண்டும். இறக்கை தாங்காமல் விமானம் நடுங்கத் தொடங்கும் அந்தச் சின்னத் தடதடப்பு கேட்க வேண்டும். இவற்றை மூழ்கடிக்கும் எஞ்சின் எவ்வளவு அழகாக உறுமினாலும் அது கெட்ட வேலை.

2024 அக்டோபர் 6, மெரினா விமான சாகசத்தை எண்ணிப் பாருங்கள். ரஃபேல், சுகோய், தேஜஸ் எல்லாம் வந்தன. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர்கள் போன நாள் அது; அந்தத் துயரத்தை மறக்கக் கூடாது. அன்று கரையில் இருந்த அத்தனை பேரும் செல்போனில் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால்? கரகர என்று ஒரு இரைச்சல், அதில் அம்மா ஐயோ என்று ஒரு கூச்சல். போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். பலத்த ஒலி வந்ததும் அலையின் தலையைச் சீவிவிடும். சீவிய தலையை எந்த சாஃப்ட்வேரும் ஒட்டாது. ஒரு சிறிய கைப் பதிவுக் கருவி, மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமக் கவசம், பதிவு அளவைக் கையால் குறைத்து வைக்கும் பொறுமை, இவை போதும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. கடற்கரைக் காற்றில் கவசமில்லாமல் பதிவு செய்தால் காற்று மட்டும்தான் மிஞ்சும், நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

இன்னொரு ஆசை எனக்கு உண்டு. விமானத்துக்குள் எச்சரிக்கை சொல்லும் குரல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும், ரஷ்ய மொழியில் பேசும். தமிழில் பேசினால் என்ன? உடனே சிலர் செய்தி வாசிப்பது போல "தாங்கள் மிகவும் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று பதிவு செய்வார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் விமானம் தரையில்! நம் மாநகரப் பேருந்து நடத்துநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். "ரைட்", "ஓல்டான்". அத்தனை நெரிசலிலும் எஞ்சின் இரைச்சலிலும் டிரைவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஒன்றை இன்னொன்றாகக் குழப்ப முடியாது. "ஏறு! ஏறு!", "இடது எஞ்சின் தீ!" அப்படி வெட்டிப் பேசும் குரல் வேண்டும். மீன் ஏலம் கூவும் அக்காமாரில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோக் குரல்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

செய்த சத்தத்தை விளையாட்டுக்குள் வைப்பது பெரிய வித்தை இல்லை. டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு உண்டு. எந்தப் பதிவு, எவ்வளவு உரக்க, எந்தத் தூரம் வரை என்று அதில் எழுதியிருக்கும். வார் தண்டரில் எஃப்மாட் என்ற மென்பொருளில் கட்டி, தனிக் கோப்புறையில் வைக்க வேண்டும். மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளாமல் எதிலும் கை வைக்காதீர்கள். பலர் சேர்ந்து ஆடும் சில சர்வர்கள் மாற்றிய கோப்பைக் கண்டால் கதவைச் சாத்திவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். படத்திலிருந்தோ வேறு விளையாட்டிலிருந்தோ சத்தத்தை உருவாதீர்கள், அது திருட்டு. அடுத்து, துறைமுகத்துக்குள்ளும் அனல்மின் நிலையத்துக்குள்ளும் விமானப்படைத் தளத்து வேலியோரமும் மைக்கை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பொதுச் சாலையில் கிடைப்பதே ஏராளம்.

ஏன் இவ்வளவு அவசரமாகப் பேசுகிறேன் என்றால், சத்தங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. இனி அது அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும், வாய் திறக்காது. பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது; வடசென்னையே நேரம் பார்த்த அந்தச் சங்கு நின்றது. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு ஓய்ந்தது. இவற்றின் படங்கள் இருக்கின்றன. ஒலி யாரிடம் இருக்கிறது?

பெரியவர்களே, உங்களில் பலர் இந்த இயந்திரங்களோடு முப்பது வருடம் நின்றவர்கள். சிலருக்குக் காதே மந்தமாகிவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று தொழிற்சாலை விதி எல்லை போட்டிருந்தது. அந்த எல்லை தாளில் இருந்தது, பட்டறையில் இல்லை. உங்கள் பேரன் ஒரு எஞ்சின் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் "வேலையைப் பாருடா" என்று விரட்டாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். "இதுல பேரிங் போயிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது அவனுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். இந்தத் தொழிலில் காது போனால் கை போன மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து தொடங்குங்கள். படகுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் என்ன இயந்திரம், எந்த இடம், எந்தத் தேதி, மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். பிறகு உங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.